கலிஃபோர்னிய மின் நிறுவனங்களுக்கு சப்ளையராக எல்ஜிபிடி சான்றிதழ்: அலைச்சலுக்குத் தகுமா?

பிஜி அண்ட் இ, சதர்ன் கலிஃபோர்னியா எடிசன், சான் டியேகோ காஸ் அண்ட் எலெக்ட்ரிக், சோகால்காஸ். கலிஃபோர்னியாவில் மின்சாரமும் எரிவாயுவும் தரும் இந்தத் தனியார் நிறுவனங்கள் கம்பம் நடுவதிலிருந்து கணக்குத் தணிக்கை வரை வெளியாட்களிடம் ஏராளமாக வேலை வாங்குகின்றன. உரிமையாளர் தற்பாலீர்ப்பாளராகவோ இருபாலீர்ப்பாளராகவோ திருநராகவோ இருக்கும் தொழில்களுக்கு அந்தக் கொள்முதலில் தனியாக ஒரு கணக்கு உண்டு. அதற்குள் நுழைய மூன்று படிகள்: தேசிய எல்ஜிபிடி வணிகர் சபையான என்ஜிஎல்சிசி தரும் சான்றிதழ், மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் 'சப்ளையர் கிளியரிங்ஹவுஸ்' பட்டியலில் பதிவு, பிறகு ஒவ்வொரு நிறுவனத்தின் போர்ட்டலிலும் கணக்கு. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே சேவையாகப் பாவித்து எழுதிய மதிப்புரை இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மின் நிறுவனம் வாங்கக்கூடிய வேலையை ஏற்கெனவே வேறு வாடிக்கையாளர்களுக்குச் செய்துவருகிறீர்கள், இரண்டு மூன்று வருட வரிக்கணக்கும் கொஞ்சம் கையிருப்பும் இருக்கின்றன என்றால், எடுங்கள். சான்றிதழ் வந்தால் ஆர்டர் பின்னாலேயே வரும் என்று நம்பிப் புதிதாகக் கம்பெனி திறப்பவர் அந்த நேரத்தையும் பணத்தையும் இன்ஷூரன்ஸிலும் லைசென்ஸிலும் போடுவது மேல்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது புரியும். 1986-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் க்வென் மூர் கொண்டுவந்த சட்டத்தின்படி, பெரிய மின், எரிவாயு, தொலைபேசி நிறுவனங்கள் பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் நடத்தும் தொழில்களிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும் என ஆனது. அதைச் செயல்படுத்த ஆணையம் 1988-இல் போட்டதுதான் பொது ஆணை 156. பிறகு மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர்கள் சேர்ந்தார்கள். 2014-இல் சட்டமன்ற உறுப்பினர் ரிச் கார்டன் கொண்டுவந்த ஏபி 1678 மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட, எல்ஜிபிடி தொழில்களும் பட்டியலுக்குள் வந்தன. 2015-இல் ஆணையம் பொது ஆணையைத் திருத்தியது. பெயர் சேர்ந்ததே தவிர, இலக்கு சேரவில்லை. சிறுபான்மை இனத்தவருக்கு 15 சதவீதம், பெண்களுக்கு 5, படைவீரர்களுக்கு 1.5 என்று எண் இருந்தது. அறிக்கை அட்டவணையில் எல்ஜிபிடிக்கான நிரலில் எண்ணே கிடையாது. ஏழு வருடம் கழித்து 2022-இல்தான் எண் வந்தது: அந்த ஆண்டுக்கு 0.5 சதவீதம், 2023-க்கு 1, 2024 முதல் 1.5. அதாவது நூறு டாலர் கொள்முதலில் ஒன்றரை டாலர். அதே திருத்தத்தில் மாற்றுத்திறனாளிகள் நடத்தும் தொழில்களும் சேர, ஆணையத்தின் அறிக்கைகளில் இந்தக் கூட்டத்துக்கே 12 எழுத்துச் சுருக்கப்பெயர் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் முறை சொல்வதில்லை.

இலக்கு என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இது ஒதுக்கீடு கிடையாது. தனி டெண்டர், சலுகை மதிப்பெண், கட்டாயப் பங்கு எதையும் இந்தத் திட்டத்தில் பயன்படுத்தக் கூடாது என்று பொது ஆணை 156 வெளிப்படையாகவே தடுக்கிறது. யாரை எடுப்பது என்ற முடிவு நிறுவனத்தின் வியாபாரக் கணிப்புக்கே விடப்பட்டிருக்கிறது. எட்டாவிட்டால் அபராதமும் இல்லை; ஆண்டறிக்கையில் ஏன் எட்டவில்லை, அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த அறிக்கை ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 1-க்குள் ஆணையத்துக்குப் போகும். கேட்பதற்குச் சப்பென்று இருந்தாலும், நிறுவனத்துக்குள், பலதரப்பட்ட சப்ளையர்களைத் தேடிப் பிடிக்கும் 'சப்ளையர் டைவர்சிட்டி' பிரிவில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு அந்த நிரல்தான் வருடாந்திரப் பரீட்சை. 15 சதவீத நிரலை நிரப்ப அவருக்கு வருடக்கணக்கில் பழகிய சப்ளையர்கள் இருக்கிறார்கள், 1.5 சதவீத எல்ஜிபிடி நிரலை நிரப்ப ஆட்கள் குறைவு. இந்தச் சான்றிதழின் உண்மையான மதிப்பு அங்கேதான். போட்டியில் உங்களுக்கு ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது. ஆனால் போட்டி நடக்கிறது என்ற தகவல் உங்கள் காதுக்கு வரும், உங்கள் அழைப்பை எடுக்க ஆள் இருக்கும்.

இனி சான்றிதழ். என்ஜிஎல்சிசி கேட்கும் அடிப்படைத் தகுதி: தொழிலின் 51 சதவீதமாவது எல்ஜிபிடி நபர் அல்லது நபர்களின் உடைமை, அவர்களே நடத்தி, நிர்வகித்து, கட்டுப்படுத்த வேண்டும், அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாகவோ இருக்க வேண்டும், அமெரிக்காவில் பதிவாகி அங்கேயே தலைமையகம் கொண்ட, வேறு கம்பெனியின் வாலாக இல்லாத தனித் தொழிலாக இருக்க வேண்டும். ஹெச்1பி விசாவில் இருந்துகொண்டு நண்பரோடு எல்எல்சி (வரையறுத்த பொறுப்புக் கம்பெனி) போட்டிருக்கும் நம்மவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். கிரீன் கார்டு வரும்வரை விண்ணப்பிப்பதில் பயனில்லை.

எல்ஜிபிடி அடையாளத்துக்கு என்ன ஆதாரம்? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். திருமணச் சான்று, துணைவர் பதிவு, இருவர் பெயரிலும் உள்ள வீட்டு ஒப்பந்தம் அல்லது வங்கிக் கணக்கு, பாலின மாற்ற ஆவணங்கள் போன்றவை ஏற்கப்படுகின்றன. இவை எதுவும் இல்லையென்றால் தெரிந்தவர்கள் எழுதித் தரும் சான்றுக் கடிதங்கள். தனியாக வாழ்பவர்களும், ஆணை மணந்திருக்கும் இருபாலீர்ப்புப் பெண்களும் பெரும்பாலும் இந்தக் கடித வழியில்தான் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் அவர்களுடைய திருமணச் சான்று எதையும் நிரூபிக்காது. கடிதம் பொத்தாம்பொதுவாக இருந்தால் எடுபடாது. எழுதுபவர் உங்களை எத்தனை வருடமாக, எந்த வகையில் அறிவார், உங்கள் அடையாளம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நேராகச் சொல்ல வேண்டும். 'நல்ல மனிதர், நேர்மையானவர்' என்று மட்டும் இருக்கும் நற்சான்று இங்கே உதவாது.

ஆண் ஒருவரை மணந்திருக்கும் இந்தப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கலிஃபோர்னியாவில் மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது. பங்குப் பத்திரத்தில் 100 சதவீதம் உங்கள் பெயரில் இருந்தாலும், முதல் போட்டது கூட்டுக் கணக்கிலிருந்து என்றால் உடைமை பற்றிக் கேள்வி வரும். முதலீடு எங்கிருந்து வந்தது என்ற தடத்தை, வங்கி அறிக்கை நகலோடு, முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கட்டுப்பாடு என்ற சொல்லில்தான் விண்ணப்பங்கள் அதிகம் வழுக்குகின்றன. ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 51-49 பங்கில் ஒரு மின்பணி எல்எல்சி. 51 வைத்திருப்பவர் தற்பாலீர்ப்பாளர். பங்கு சரி. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மாதிரியை வைத்துப் போட்ட ஆபரேட்டிங் அக்ரிமென்டை, அதாவது பங்குதாரர்களின் நிர்வாக ஒப்பந்தத்தை, திறந்தால், நடுவில் ஒரு வரி: 'பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட செலவுக்கும், கடனுக்கும், ஆள் நியமனத்துக்கும் எல்லா உறுப்பினர்களின் ஒப்புதல் வேண்டும்.' அந்த ஒரு வரியால் 49 சதவீதக்காரர் எதையும் தடுக்க முடியும். உடைமை ஒருவரிடம், கட்டுப்பாடு இருவரிடம் என்று ஆகிவிட்டது. இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால் லாபம் 50-50 என்று இருக்கும், அதுவும் 51-ஓடு ஒத்துப்போகாது. வங்கியில் கையெழுத்து அதிகாரம் 49 சதவீதக்காரருக்கு மட்டும். கடைசியாக லைசென்ஸ்: மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியத்தில் சி-10 மின்பணி உரிமம் யாருடைய தகுதியில் எடுத்தது? 49 சதவீதக்காரர்தான் தகுதிபெற்ற ஆள் என்றால், அவர் விலகி 90 நாளுக்குள் வேறு தகுதிபெற்ற ஆளைக் காட்டாவிட்டால் கம்பெனியால் ஒயர் இழுக்க முடியாது. பரிசீலகர்கள் கேட்பதும் இதையே: உங்கள் கூட்டாளி நாளைக்கு வராவிட்டால் தொழில் நடக்குமா?

இதைச் சரிசெய்ய விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. அன்றாட முடிவுகள் பெரும்பான்மைப் பங்குக்காரரிடம், ஏகமனதான ஒப்புதல் கம்பெனியையே விற்பது போன்ற பெரிய விஷயங்களுக்கு மட்டும், லாபப் பங்கு உடைமைக்கு ஏற்ப, வங்கிக் கையெழுத்தில் உங்கள் பெயர். விண்ணப்பம் போட்ட பிறகு அவசரமாகத் திருத்தினால், திருத்திய தேதி பரிசீலகர் கண்ணில் முதலில் படும். வேறு யாருக்காகவோ முகமூடி போட்ட கம்பெனியா என்ற சந்தேகம் அங்கேதான் கிளம்பும். பொய்யாகச் சான்று பெற்றால் மாநிலச் சட்டத்தில் 5,000 டாலர் வரை அபராதமும் சிறையும் இருக்கின்றன. ஏபி 1678 அந்தத் தண்டனையை எல்ஜிபிடி பிரிவுக்கும் நீட்டித்தது.

மற்ற காகிதங்கள் வங்கிக் கடனுக்குக் கொடுப்பவைதான்: பதிவுச் சான்று, பங்குப் பத்திரம், கூட்டக் குறிப்புகள், மூன்று வருட வரிக்கணக்கு, லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, அலுவலக வாடகை ஒப்பந்தம், உரிமையாளர்களின் ரெஸ்யூமே, குடியுரிமை ஆதாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றிவிட முயலாமல், பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் கடைசிப் பெயராகவும், வரிக்கணக்கில் இனிஷியலாகவும், வாடகை ஒப்பந்தத்தில் சொந்தப் பெயர் மட்டுமாகவும் இருக்கும் தமிழ்ப் பெயர்கள் இந்த இடத்தில் கட்டாயம் ஒரு கேள்விக் கடிதம் வாங்கித் தரும். திருநர்களுக்குப் பழைய பெயரில் உள்ள ஆவணங்களும் சேர்ந்துகொள்ளும். எந்தெந்தப் பெயர்கள் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழியை முதலிலேயே சேர்த்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் மிச்சம்.

காகிதங்கள் தேறினால் ஒருவர் நேரில் பார்க்க வருவார். கேள்விகள் எளிமையானவைதான், ஆனால் பதில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். விலையை யார் நிர்ணயிக்கிறார், கடைசியாக எந்த வேலைக்கு எவ்வளவு கொட்டேஷன் கொடுத்தீர்கள், அதில் கூலி எவ்வளவு, யாரை வேலைக்கு எடுத்தீர்கள், ஏன்? ஒவ்வொரு கேள்விக்கும் உரிமையாளர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தால் காரியம் கெட்டது. பிறகு குழு கூடி முடிவு செய்யும்.

கட்டண விஷயத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு, அது முறையான வழிதான். உறுப்பினர் அல்லாதவர்களிடம் சபை 400 டாலர் வாங்கிவந்திருக்கிறது. இணைந்த உள்ளூர் சபைகளில் உறுப்பினராக இருந்தால் அது தள்ளுபடி. சான் ஃப்ரான்சிஸ்கோவில் 1974-இல் தொடங்கிய கோல்டன் கேட் பிசினஸ் அசோசியேஷன்தான் இவ்வகைச் சபைகளில் மூத்தது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், சான் டியேகோ, சாக்ரமென்டோ பக்கமும் சபைகள் இருக்கின்றன. உள்ளூர்ச் சந்தாவையும் 400 டாலரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தா கொஞ்சம் கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வோம். அந்தக் கூட்டங்களுக்கு மின் நிறுவனத்தின் கொள்முதல் ஆட்கள் வந்து போவார்கள்.

அடுத்தது கிளியரிங்ஹவுஸ். மூன்று படிகளில் எரிச்சல் குறைவானது இதுதான், கட்டணமும் கிடையாது. பெண்கள், சிறுபான்மை இனத்தவர் ஆகியோரின் தொழில்களை கிளியரிங்ஹவுஸே நேரடியாகச் சரிபார்க்கும். எல்ஜிபிடி பிரிவில் என்ஜிஎல்சிசி சான்றை ஏற்றுக்கொண்டு பட்டியலில் சேர்க்கும். முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு எண் தருவார்கள். 'வான் நம்பர்' என்று கொள்முதல் ஆட்கள் சொல்வது அதைத்தான். மின் நிறுவனம் தன் அறிக்கையில் உங்களுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் காட்ட இந்த எண் வேண்டும். என்ஜிஎல்சிசி சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு எண் வாங்காமல் விட்டவர்கள் கலிஃபோர்னிய மின் நிறுவனங்களைப் பொறுத்தவரை இல்லாதவர்கள்தான்.

இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இதே ஆணையின் சிறுபான்மைப் பிரிவிலும் ஆசிய-பசிபிக் அமெரிக்கர் என்ற வரையறைக்குள் வருவார்கள். ஆகவே தகுதியுள்ள தமிழர் இரண்டு பிரிவிலும் பதிவு செய்யலாம், செய்வதே நல்லது. மொத்தக் கணக்கில் ஒரே டாலரை இரண்டு முறை கூட்ட மாட்டார்கள். ஆனாலும் எந்த நிரல் காலியாக இருக்கிறதோ அதற்காக உங்களைத் தேடுவார்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள்: கிளியரிங்ஹவுஸ் பட்டியல் பொதுவில் தேடக்கூடியது. உங்கள் கம்பெனிப் பெயருக்கு எதிரே எல்ஜிபிடி என்ற குறிப்பு இருக்கும். ஊரில் அம்மா அப்பாவுக்குச் சொல்லாதவர்கள், இங்கே சங்கக் கூட்டங்களில் மட்டும் 'சிங்கிள்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள், விண்ணப்பத்துக்கு முன்பே இதை யோசித்துக்கொள்ள வேண்டும். பெயர் ஏறிய பிறகு எடுக்கச் சொல்லலாம், பார்த்தவர் நினைவிலிருந்து எடுக்க முடியாது. சேவையின் மிகப் பெரிய குறை என்று நாங்கள் கருதுவது இதைத்தான், மாற்று ஏற்பாடும் தெரியவில்லை. யாரிடம் வாங்கினோம் என்று நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டிய திட்டத்தில் மறைந்திருந்து சேர்வது எப்படி?

பதிவு செய்யும்போது, வேலை வகையைக் குறிக்கும் ஆறு இலக்கத் தொழில் குறியீட்டில் கவனம் தேவை. தேடுபவர்கள் இந்த எண்ணை வைத்தே தேடுகிறார்கள். மரக்கிளை வெட்டுவதும், மின்பாதையின் அடியில் புதர் அழிப்பதும் 561730, அதாவது தோட்டப் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ். தலைப்பைப் பார்த்துவிட்டு 'நமக்கு இல்லை' என்று தாண்டிப்போனால் காட்டுத்தீக்குப் பிறகு இந்த நிறுவனங்கள் அதிகம் செலவழிக்கும் இடத்தையே தவறவிடுவீர்கள். பொறியியல் சேவை 541330, கணினி அமைப்பு வடிவமைப்பு 541512, விளம்பர நிறுவனம் 541810. செய்யாத வேலைக்கெல்லாம் பதினைந்து குறியீடு போடுபவர்களைக் கொள்முதல் ஆட்கள் நொடியில் அடையாளம் கண்டுவிடுவார்கள். உண்மையாகச் செய்யும் இரண்டு மூன்று போதும். விளக்கப் பெட்டியில் 'தரமான சேவை' என்று எழுதுவதைவிட 'இரண்டு பக்கெட் டிரக், எட்டுப் பேர், சோனோமா, நாப்பா, மரின் மாவட்டங்கள்' என்று எழுதினால் அழைப்பு வரும்.

மூன்றாவது படிக்கு வந்தால், நிறுவனங்களின் போர்ட்டல்கள். இங்கே பதிவு செய்வதும் அங்கீகாரம் பெறுவதும் வேறு வேறு. பதிவு பத்து நிமிட வேலை. அதற்குப் பதில் வரும் என்று காத்திருப்பவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். களப்பணி என்றால் பாதுகாப்புத் தகுதிச் சோதனை தாண்ட வேண்டும். பிஜி அண்ட் இ இதற்கு ஐஎஸ்என் நிறுவனத்தின் ஐஎஸ்நெட்வேர்ல்ட் தளத்தைப் பயன்படுத்துகிறது. அதற்கு வருடச் சந்தா தனி. விபத்துப் பதிவேடு, பாதுகாப்புக் கையேடு, பயிற்சிச் சான்றுகள், தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸின் அனுபவ விகிதம் எல்லாம் ஏற்ற வேண்டும். அனுபவ விகிதம் 1.0 என்பது உங்கள் தொழிலின் சராசரி. அதற்கு மேல் போனால் விபத்து அதிகம் என்று பொருள், விளக்கம் கேட்பார்கள். பிரீமியம் குறைவாக இருக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு இந்த விகிதமே கணக்கிடப்பட்டிருக்காது. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் தளம் சிவப்பு காட்டும். விகிதம் இன்னும் கணக்கிடப்படவில்லை என்று இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் கடிதம் வாங்கி ஏற்றினால் தீர்ந்தது. பாதுகாப்புக் கையேட்டை வேறு கம்பெனியிடமிருந்து நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது சகஜம். ஒரே ஒரு பக்கத்தில் பழைய பெயர் எஞ்சி நிற்பதும் அதே அளவு சகஜம்.

கணினி, விளம்பரம், பயிற்சி, ஆலோசனை போன்ற மேசை வேலைகளுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் இராது. அங்கே தடை வேறு: வாடிக்கையாளர் தகவலைத் தொடும் வேலை என்றால் தகவல் பாதுகாப்புக் கேள்வித்தாளும் சைபர் இன்ஷூரன்ஸும் கேட்பார்கள். நாலு பேர் கம்பெனிக்கு அந்தக் கேள்வித்தாள் பாதுகாப்புக் கையேட்டைவிடப் பெரிய பாரம்.

பெரும்பாலோருக்கு முதல் பணம் வரும் வழி, நேரடி ஒப்பந்தம் இல்லை, சப் கான்ட்ராக்ட். பெரிய பிரைம் கான்ட்ராக்டர் ஒருவர் வேலையை எடுத்து, அதில் ஒரு பகுதியை உங்களிடம் கொடுப்பார். உங்களுக்குப் போன பணத்தை அவர் மின் நிறுவனத்துக்குக் கணக்குக் காட்டுவார், அது நிறுவனத்தின் எல்ஜிபிடி நிரலில் ஏறும். ஆகவே மின் நிறுவனத்தின் வாசலில் நிற்பதைவிட, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிரைம்களின் பட்டியலைச் சப்ளையர் டைவர்சிட்டி மேலாளரிடம் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். எந்தெந்த பிரைமுக்கு நிரலில் குறைவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டால் அறிமுகமும் செய்துவைப்பார், அது அவர் வேலையின் பாகம்.

இதில் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. டெண்டர் காகிதத்தில் உங்கள் பெயரையும் வான் நம்பரையும் போட்டு வேலையை எடுத்துவிட்டு, பிறகு தொலைபேசியை எடுக்காமல் இருப்பது. பெயரைத் தருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: எந்த வேலை, அலகு ஒன்றுக்கு என்ன விலை, மாதத்துக்குக் குறைந்தது எவ்வளவு? 'வேலை கிடைத்தால் பேசிக்கொள்ளலாம்' என்றால் பெயரைக் கொடுக்காதீர்கள். தலைகீழான இன்னொன்று: வேலையை வேறொருவர் செய்ய, பில் மட்டும் உங்கள் வழியாகப் போய் இரண்டு சதவீதம் உங்களிடம் நிற்கும் ஏற்பாடு. சுலபப் பணம்போலத் தோன்றும், ஆனால் தணிக்கையில் முதலில் மாட்டுவது சான்றிதழ் வைத்திருப்பவர்தான்.

பணம் வரும் வேகத்தைப் பற்றிக் கணக்கோடு சொல்வோம். ஆறு பேர் குழு, வாரம் 40 மணி, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மணிக்கு 45 டாலர் அடக்கம் என்று வைத்தால் வாரச் சம்பளம் மட்டும் 10,800 டாலர். மாத முடிவில் இன்வாய்ஸ், பிரைம் அதைத் தன் பில்லோடு சேர்த்து அனுப்புவது, மின் நிறுவனத்தின் கட்டணக் கெடு, பிறகு பிரைம் உங்களுக்கு அனுப்புவது என்று பத்து வாரம் போவது அதிசயமே இல்லை. முதல் செக் வரும்போது 1,08,000 டாலர் கையை விட்டுப் போயிருக்கும். டீசல், வாடகை வண்டி சேராத தொகை இது. கட்டுமானப் பணியில் பில் தொகையின் ஒரு பகுதியை வேலை முடியும்வரை பிடித்தும் வைப்பார்கள். வங்கியில் கடன் வரம்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்கிய கம்பெனிகளுக்கு வேலை கிடைக்காதது பிரச்சினை இல்லை, கிடைத்ததுதான். ஒப்பந்தப் பேச்சின்போதே இரண்டு வாரத்துக்கு ஒரு இன்வாய்ஸ் என்று கேளுங்கள். கெடுவைக் குறைக்க மறுப்பவர்கள்கூட இதற்குச் சில சமயம் ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போதைய காற்றின் திசையையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி 21-இல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட, பன்முகத் திட்டங்களுக்கு எதிரான 14173-ஆம் ஆணைக்குப் பிறகு, கூட்டாட்சி ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்கள் 'டைவர்சிட்டி' என்ற சொல்லைத் தங்கள் தளங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றின. தொலைபேசித் துறையில் இது நேரடி மோதலாகவே ஆனது. ஃப்ரன்டியர் என்ற இன்னொரு தொலைத்தொடர்பு நிறுவனத்தை வாங்க மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டி, வெரைசன் 2025 மே மாதத்தில் தன் பன்முகத் திட்டங்களை முடித்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தது. அதே வெரைசன் அதே ஒப்பந்தத்துக்குக் கலிஃபோர்னியாவின் அனுமதியும் கேட்க வேண்டியிருந்தது, இங்கே பொது ஆணை 156 குறுக்கே நின்றது. மின், எரிவாயு நிறுவனங்களுக்கு மாநில ஆணையம்தான் கட்டணத்தை நிர்ணயிக்கும் எஜமானர் என்பதால் அறிக்கை போடும் கடமையிலிருந்து அவை தாமாக விலகிக்கொள்ள முடியாது. ஆனால் பிரிவின் பெயர், போர்ட்டலில் பட்டன் இருக்கும் இடம், தொடர்பு மேலாளர் எல்லாம் மாறியிருக்கலாம். பழைய குறிப்பில் இருக்கும் இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் திட்டமே போய்விட்டது என்று முடிவுகட்டாமல், ஆணையத்தின் தளத்தில் அந்த நிறுவனத்தின் கடைசி ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள். எந்த வேலைப் பிரிவில் எல்ஜிபிடி தொழில்களுக்கு எவ்வளவு போனது, எங்கே வெறும் பூஜ்யம் என்று நிரல் நிரலாக இருக்கும். உங்கள் தொழிலுக்கு நேரே பூஜ்யம் இருந்தால் அதன் பொருள் இரண்டில் ஒன்று: அவர்கள் அந்த வேலையை வெளியே கொடுப்பதே இல்லை, அல்லது கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அதே வரியில் மொத்தக் கொள்முதல் எவ்வளவு என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இவ்வளவு துல்லியமான சந்தைத் தகவல் இலவசமாகக் கிடைப்பது இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம். அதைப் பார்க்கச் சான்றிதழ்கூட வேண்டாம்.

பொதுவான மதிப்பெண் கேட்டால்: கிளியரிங்ஹவுஸுக்கு ஐந்துக்கு நாலரை, என்ஜிஎல்சிசி சான்று முறைக்கு மூன்றரை, நிறுவனப் போர்ட்டல்களுக்கு இரண்டு. சான்று முறைக்கு அரை மதிப்பெண் கூடவே கொடுத்திருக்கலாம், உங்கள் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது வெளியே தெரிந்திருந்தால்.

எடுத்தவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. என்ஜிஎல்சிசி சான்றில் முடிவுத் தேதி இருக்கும். அது காலாவதியானால் கிளியரிங்ஹவுஸ் நிலையும் விழும், அந்தக் காலத்தில் உங்களுக்குப் போன பணத்தைப் பிரைம் கணக்கில் காட்ட முடியாது. முடிவதற்கு நாலு மாதம் முன்பே புதுப்பிப்பைத் தொடங்குங்கள். புதிய சான்று கைக்கு வந்ததும் கிளியரிங்ஹவுஸிலும், ஒவ்வொரு போர்ட்டலிலும், பிரைமின் கொள்முதல் மேசையிலும் அன்றே ஏற்றுங்கள். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் தானாக மாறாது.